செல்லுலார் ஜெயிலில் கைடு யாருடைய கதையைச் சொல்ல வேண்டும்?

கடலோடி:

போன மாதம் குடும்பத்தோடு அந்தமான் போயிருந்தோம். செல்லுலார் ஜெயிலை ஒரு கைடு கூட்டிப்போய்க் காட்டினார். நல்ல மனிதர், தமிழ் தெரிந்தவர், உருக்கமாகப் பேசினார். வெளியே வரும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அறைக்குத் திரும்பியதிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இது: "விடுதலை வீரர்களை அடைத்து வதைக்கவே வெள்ளைக்காரன் இந்தச் சிறையைக் கட்டினான்." இது சரியில்லை. 1890இல் சார்லஸ் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரு அதிகாரிகள் தீவின் தண்டனைக் குடியிருப்பைப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தார்கள். கைதிகளுக்குத் தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடத்தித் தீவுக்கு அனுப்பும் தண்டனை, என்ற பயமே விட்டுப்போயிற்று, வந்தவுடன் சில மாதம் தனிக்கொட்டடியில் போட்டு ஒடுக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. அதற்காக 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த கட்டடம்தான் இது. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு கிளைகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி, மொத்தம் 690க்கு மேல் கொட்டடிகள். ஒரு கிளையின் முகம் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும், அதனால் யாரும் யாரையும் பார்க்க முடியாது. கொலை, கொள்ளை வழக்குகளில் ஆயுள் தண்டனை பெற்ற சாதாரணக் கைதிகள் முதல் ஆறு மாதம் இதில் கிடந்துவிட்டுக் காடு வெட்டவும் சாலை போடவும் வெளியே போவார்கள். செங்கல்லை அடுக்கிக் கட்டியதும் அவர்களைப் போன்ற கைதிகள்தான். அரசியல் கைதிகள் வரத் தொடங்கியது 1909இல்.

கைடு சொன்னதெல்லாம் 1909 முதல் 1938 வரை. அதற்கு முன்னால் தீவு தண்டனைக் குடியிருப்பாக இருந்த ஐம்பது வருடம் ஒரு வரியிலும், பின்னால் உலகப் போரில் தீவு ஜப்பானியர் கையில் இருந்த காலம் அரை வரியிலும் முடிந்துவிட்டது. கைடுகளுக்கு உரிமம் கொடுக்கிறவர்கள், இவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன். உங்கள் கருத்து என்ன?

மலைக்கோட்டை:

நண்பரே, நீங்கள் போனது தேசிய நினைவுச்சின்னம். 1979 பிப்ரவரி 11 அன்று அப்போதைய பிரதமர் மொரார்ஜி தேசாய் நாட்டுக்கு அர்ப்பணித்தது. யாருக்கான நினைவு என்று வாசலிலேயே தெரிகிறது. அங்கே நின்றுகொண்டு, "இதைக் கட்டியது கொலைக் கைதிகளுக்காக" என்று தொடங்குகிற கைடை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டாவது முறை என் மகனுக்குப் பத்து வயது. கைடு அவனைக் கொட்டடிக்குள் நிற்கவைத்துத் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினார். தாழ்ப்பாள் கதவில் முடிவதில்லை, சுவருக்குள் தள்ளி ஒரு குழியில் போய் விழுகிறது. உள்ளேயிருந்து கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. பையன் கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு நின்றுபோனான். அன்று இரவு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அவங்க எத்தனை வருஷம்ப்பா உள்ளே இருந்தாங்க?" அந்தக் கேள்வியை எழுப்பியது அந்தக் கைடுதான். அறிக்கை எழுதிய அதிகாரிகளின் பெயரை அவனுக்குச் சொல்லியிருந்தால் அவன் அப்படிக் கேட்டிருப்பானா?

ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லப் போனால் எதுவும் மனதில் நிற்காது.

தீவுக்காரி:

நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். அப்பா வழி பரமக்குடிப் பக்கம், பிழைப்புக்காகக் கப்பலேறி வந்தவர்கள். அம்மாவின் பாட்டி 'லோக்கல் பார்ன்'. வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சொல் தெரியாது. 1942க்கு முன்பே இங்கே குடியிருந்த கைதிகளின் வாரிசுகளை அப்படித்தான் சொல்வோம். எந்த ஊர், எந்த சாதி, எந்த மொழி என்று பார்க்காமல் ஆணும் பெண்ணும் கலியாணம் செய்துகொண்டு உருவான சமூகம்.

மலைக்கோட்டை அண்ணன் "கொலைக் கைதி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அந்தச் சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். சவுத் பாயிண்டில் பெண்களுக்கென்று தனிச் சிறை இருந்தது. 1921 மலபார் கலகத்தில் பிடிபட்ட மாப்பிள்ளைமார், அதாவது மலபார் முஸ்லிம்கள், கூட்டம் கூட்டமாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் குடியேறிய இடங்களுக்கு இன்றைக்கும் காலிகட், மஞ்சேரி என்றே பெயர். நாங்கள் பஸ்ஸில் தினமும் கடக்கிற ஊர்கள் இவை. மாப்பிள்ளைக் கைதி விடுதலை வீரரா, குற்றவாளியா என்று கைடு எந்தப் பெட்டியில் போடுவார்? போடத் தெரியாததால்தான் விட்டுவிடுகிறார்.

எனக்குப் பள்ளியில் நான்கு தடவை சுற்றுலா என்றால் அந்த ஜெயில்தான். ஒரு தடவைகூட என் பாட்டியின் ஆட்களைப் பற்றி ஒரு சொல் காதில் விழவில்லை. அங்கே நிற்கும்போது அது வேறு யாருடைய வீடோ என்று தோன்றும்.

மலைக்கோட்டை:

தங்கச்சி, உங்கள் பாட்டியின் ஆட்களை நான் தாழ்த்திச் சொல்லவில்லை, சொன்னதாகப் பட்டால் மன்னியுங்கள். ஆனாலும் கேட்கிறேன். 1933 மே மாதம் உண்ணாவிரதத்தில் மூன்று பேர் செத்தார்கள்: மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா. வலுக்கட்டாயமாக மூக்கு வழியே குழாய் விட்டுப் பால் ஊற்றியபோது அது நுரையீரலுக்குள் போய்விட்டது. மகாவீர் சிங் பகத் சிங்கின் கூட்டாளி, லாகூர் வழக்கில் தண்டனை பெற்றவர். வெளிச்சம், சோப்பு, படிக்கப் புத்தகம், இப்படிப்பட்ட மனிதக் கோரிக்கைகளுக்காக உயிரை விட்டவர்கள். நிலத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு வந்தவனையும் இவர்களையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு நா வராது. உங்களுக்கு வருமா?

வரலாற்று வாத்தியார்:

நான் பதினோராம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன், மாணவர்களை ஒருமுறை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். இருவருக்கும் ஒரு விஷயம் சொல்லவேண்டும்.

ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சாதாரணக் கைதி இல்லாமல் அரசியல் கைதியின் கொடுமையே புரியாது. தீவின் வழக்கப்படி சாதாரணக் கைதிக்கு ஒரு படிக்கட்டு இருந்தது. ஆறு மாதம் கொட்டடி, அப்புறம் வெளி வேலை, சில வருடம் ஒழுங்காக நடந்தால் சொந்தமாக நிலம், குடும்பம். அரசியல் கைதிகள் பலருக்கு அந்தப் படியை ஏறவே விடவில்லை. வருடக்கணக்கில் அதே சுவர், அதே செக்கு. ஒரு நாளைக்கு முப்பது ராத்தல், அதாவது பதின்மூன்று கிலோவுக்கு மேல், தேங்காயெண்ணெய் ஆட்ட வேண்டும், மாடு ஆட்டினாலும் மூச்சு வாங்கும் அளவு. வங்காளப் புரட்சியாளர் இந்து பூஷண் ராய் 1912இல் கொட்டடிக்குள் தூக்கு மாட்டிக்கொண்டார். அவரைப் போலவே அங்கே கிடந்த உல்லாஸ்கர் தத்தருக்குப் புத்தி பேதலித்தது, அவரைக் கொண்டுவந்து வைத்தது நம் சென்னை மனநல மருத்துவமனையில். இதை என் மாணவர்களிடம் சொன்னபோது அவர்கள் முகத்தில் வந்த மாற்றம் எனக்கு மறக்காது. அதுவரை எங்கோ நடந்த கதை, சென்னை என்றதும் பக்கத்தில் வந்துவிட்டது.

கைடு என் பிள்ளைகளிடம் "சொல்லொணாக் கொடுமை" என்ற சொல்லையே பயன்படுத்திக்கொண்டிருந்தார். சொல்லொணா என்று நிறுத்திவிட்டால் எப்படி? முப்பது ராத்தல் என்று சொல்லுங்கள், பிள்ளைகளே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

கடலோடி:

ஐயா, வ.உ.சி. நினைவுக்கு வருகிறார். அவருக்கும் 1908இல் முதலில் விழுந்தது இரட்டை ஆயுள், தீவாந்தரம். மேல்முறையீட்டில் குறைந்ததால் அந்தமான் போகாமல் கோவையிலும் கண்ணூரிலும் கழித்தார். கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு இப்போது கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கைடு கிடையாது, ஒரு பலகை மட்டும்தான். ஆனால் அதைப் பார்த்த அளவுக்கு எதைப் பார்த்தும் நான் கலங்கியதில்லை.

மௌனம் போதும்:

கடலோடி சொன்னதையே பிடித்துக்கொள்கிறேன். எனக்குக் கைடே வேண்டாம்.

போனமுறை தூக்குமேடை அறையில் நின்றுகொண்டிருந்தோம். மூன்று கயிறுகள் தொங்குகின்றன. மூன்று குழுக்களின் மூன்று கைடுகள் ஒரே நேரத்தில் மூன்று மொழிகளில் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கயிற்றைப் பிடித்துக் காட்டினார், உடனே பின்னால் ஒருவர் அதைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். செக்குக் கொட்டகையில் பொம்மை மனிதன், கசையடிக் கட்டையில் பொம்மை மனிதன், அவற்றோடும் படம். மனிதர்களைத் தனிமையால் கொன்ற இடம் அது. பேசக்கூடாது என்பதே அங்கே தண்டனையாக இருந்தது. அந்த இடத்தை ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் விட்டுவைக்க நம்மால் முடியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

மூன்றாவது மாடியில் ஒரு கொட்டடிக்குள் தனியாக உட்கார்ந்தேன். ஆளுயரத்துக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் ஒரே ஒரு காற்றுத் துவாரம். வெளியே கடல் என்று தெரியும், ஆனால் தெரிவது வானத்தில் ஒரு துண்டு. எந்தக் கைடும் அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வரலாற்று வாத்தியார்:

உங்களுக்கு வேண்டியிருக்காது, நீங்கள் படித்துவிட்டுப் போனீர்கள். நூறு பேரில் எத்தனை பேர் அப்படி வருகிறார்கள்? அயர்லாந்தின் டப்ளினில் கில்மேனம் சிறைக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். கேப் டவுனுக்கு எதிரே ராபன் தீவில், ஒரு காலத்தில் உள்ளே கிடந்த அரசியல் கைதிகளே வழிகாட்டிகளாக நின்று சொன்னார்கள். சத்தம் போடாமல், சின்னக் குழுவாக, நேரம் பிரித்து அனுப்பினால் நீங்கள் கேட்கிற மௌனமும் கிடைக்கும். இங்கே அந்த ஏற்பாடு இல்லை என்பதற்காகக் கைடையே வேண்டாம் என்பது சரியா?

கில்மேனத்திலிருந்து இன்னொன்றும் கற்கலாம். 1960இல் அந்தப் பாழடைந்த சிறையைத் தன்னார்வலர்கள் சீர்செய்யத் தொடங்கியபோது, அயர்லாந்துக்காரர்களே தங்களுக்குள் மோதிய 1922-23 உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசுவதில்லை என்று தங்களுக்குள் முடிவெடுத்துக்கொண்டார்கள். பேசினால் ஆட்களே பிளந்துபோவார்கள் என்ற பயம். 1922 நவம்பரில் அந்த முற்றத்தில் அயர்லாந்தின் புதிய அரசே நான்கு இளைஞர்களைச் சுட்டிருந்தது. இன்று அதையும் சேர்த்தே சொல்கிறார்கள், 1916 எழுச்சிக்காகப் பிரிட்டிஷார் அங்கே சுட்ட பதினான்கு பேரின் பெருமை அதனால் ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை.

மலைக்கோட்டை:

ஐயா எங்கே வருகிறார் என்று புரிகிறது. சாவர்க்கர் விஷயம். 1911 முதல் 1921 வரை பத்து வருடம் அந்தச் சுவருக்குள் இருந்தவர், அண்ணனும் அங்கே. கைடு அவர் கொட்டடியில் அதிக நேரம் நிற்கிறார் என்று இங்கே பலருக்குக் குறை. விடுதலை கேட்டு அரசுக்கு அவர் எழுதிய மனுக்களைச் சொல்லவில்லை என்று அடுத்த குறை. 2004இல் ஜெயில் வளாகத்து ஜோதி பீடத்திலிருந்து அவருடைய வாசகப் பலகையை எடுத்து எவ்வளவு பெரிய சண்டை ஆயிற்று! அந்தச் சண்டையை மறுபடி கொட்டடி வாசலுக்குக் கொண்டுவர வேண்டுமா?

வரலாற்று வாத்தியார்:

சண்டை வேண்டாம், விவரம் போதும். 1911இலும் 1913இலும் அவர் மனு எழுதினார், அது ஆவணம். செக்கு இழுத்தார், அதுவும் உண்மை. மனு எழுதிய கைதிகள் அவர் ஒருவர் மட்டுமல்லர். இரண்டையும் சொல்லிவிட்டு நகரலாம், தீர்ப்பைப் பார்வையாளர் எழுதிக்கொள்ளட்டும். எனக்குக் குறை வேறு. கோபுரத்தின் சுவர்களில் பளிங்கில் பெயர் பெயராகப் பொறித்திருக்கிறார்கள், மாகாணவாரியாக, பெரும்பாலும் வங்காளம், அடுத்து பஞ்சாப். அந்தப் பெயர்களில் ஒன்றையாவது நின்று வாசிக்கக் கைடு நேரம் தரவில்லை. ஒருவருக்காக நிற்கிறோம், நூற்றுக்கணக்கானவர்களை நடந்தே தாண்டிவிடுகிறோம்.

தீவுக்காரி:

நீங்கள் எல்லாரும் 1938இல் நின்றுகொண்டிருக்கிறீர்கள். அரசியல் கைதிகள் ஊர் திரும்பியதோடு ஜெயில் மூடிவிடவில்லை. எங்கள் வீடுகளில் ஜெயில் என்றால் முதலில் வருவது ஜப்பான்காரன் காலம்தான்.

1942 மார்ச்சில் இறங்கினார்கள், 1945 வரை இருந்தார்கள். உளவாளி என்று சந்தேகம் வந்தால் போதும், இதே கொட்டடிதான். டாக்டர் திவான் சிங், பஞ்சாபிக் கவிஞர், ஜப்பானியர் ஆதரவோடு நடந்த இந்திய சுதந்திரக் கழகத்தின் உள்ளூர்த் தலைவர், அவரையே பிடித்து உள்ளே போட்டு அடித்தார்கள். 1944 ஜனவரியில் உள்ளேயே இறந்தார். அதே மாதம் 30ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி இந்த ஊரில் கொடியேற்றினாரே, கைடு மார்தட்டிச் சொல்கிறாரே, அந்த நாளில் திவான் சிங் உள்ளேதான் இருந்தார்.

என் தாத்தாவின் அண்ணன் அந்த மூன்று வருடத்தைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை. மழைக்காலத்தில் இரும்புக் கதவு கிறீச்சிட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வார் என்று மட்டும் அம்மா சொல்வார்.

மலைக்கோட்டை:

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தேன். ஹம்ஃப்ரிகஞ்ச் எனக்குத் தெரியாது. இரண்டு முறை போயும் தெரியாது. அது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேதாஜியைப் பற்றி ஒரு பயம் மட்டும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். இதைச் சொன்னால், அவர் தெரிந்தே விட்டுவிட்டார் என்று நாளைக்கே ஒருவன் எழுதுவான். ஜப்பானியர் அவருக்கு எதைக் காட்டினார்கள், எதை மறைத்தார்கள் என்று யார் சொல்வது?

கடலோடி:

அந்தக் கேள்வியையே கைடு கேட்கலாம் அண்ணே. மேல்தளத்தில் நிறுத்தி, "இந்தக் கட்டடத்துக்குள் அன்றைக்கு யார் இருந்தார்கள், வெளியே யார் நின்றார்கள்" என்று சொன்னால் போதும். அதற்கு இரண்டு நிமிடம் ஆகுமா?

அப்புறம் இன்னொன்று, நான் முதலில் எழுதும்போது விட்டது. இந்தத் தீவில் முதலில் இருந்தவர்கள் யார்? 1859 மே மாதம் அபர்தீனில் வில்லும் அம்புமாகக் குடியிருப்பின்மேல் இறங்கிய பெரும் அந்தமானியர்கள் என்ற பழங்குடியினரின் நினைவுத்தூண் ஜெயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. கைதிகளும் கைதிகளைக் காவல் காத்தவர்களும் சேர்ந்து அவர்கள் காட்டை வெட்டினார்கள். ஜெயிலைச் சுற்றிப் பார்க்கிற யாருக்கும் அது சொல்லப்படுவதில்லை.

மௌனம் போதும்:

நீங்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கைடின் தலையில் ஏற்றுகிற சுமையைப் பாருங்கள். லயால் அறிக்கை, மாப்பிள்ளைமார், பெண்கள், திவான் சிங், அபர்தீன். அவர் நாளைக்கு நான்கைந்து குழுவைச் சுற்றிக்காட்டினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கேட்கிற கூட்டமோ வெயிலில் நிற்க முடியாமல் நிழல் தேடுகிறது, அடுத்த படகுக்கு நேரம் பார்க்கிறது. அரசாங்கம் எழுத வேண்டிய பலகைகளை எழுதிவைக்காமல், ஒரு தனி மனிதரிடம் முழு வரலாற்றையும் கேட்பது நியாயமில்லை.

கடலோடி:

இதை ஒப்புக்கொள்கிறேன். உரிமத்தில் கட்டாயமாக்க வேண்டும் என்று முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எழுதித் தர வேண்டியவர்கள் எழுதித் தரட்டும், பயிற்சியும் கொடுக்கட்டும். ஆனால் "இவர்களை அடைக்கவே கட்டினார்கள்" என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கைடு இன்றைக்கே நிறுத்தலாம், அதற்குப் பணமும் பயிற்சியும் வேண்டாம்.

வரலாற்று வாத்தியார்:

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். ஏழு கிளைகளில் இன்று நிற்பது மூன்று. நிலநடுக்கம், ஜப்பானியர் காலம் என்று கைடு வேகமாகச் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு நாமே இடித்ததும் உண்டு. அந்த வளாகத்தில் 1963இல் வந்ததுதான் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை. முன்னாள் கைதிகள் எழுந்து போராடியதால்தான் மிச்சமாவது நின்றது. சென்னை மத்தியச் சிறைக்கு அப்படிப் போராட ஆள் கிடைக்கவில்லை. 1837இல் கட்டியது. கைதிகளைப் புழலுக்கு மாற்றிவிட்டு, 2009இல் சில நாள் மக்களைப் பார்க்க விட்டு, தரைமட்டமாக்கிவிட்டார்கள். அந்த வரிசையில் நானும் நின்றேன். சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நகர்ந்தோம், யார் எந்தக் கொட்டடியில் இருந்தார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அன்றைக்கு அரைகுறையாகச் சொல்கிற ஒரு கைடு கிடைத்திருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

தீவுக்காரி:

ஐயா, அந்த மருத்துவமனையில்தான் நான் பிறந்தேன். எங்களுக்கு அது வேண்டியிருந்தது, அன்றைக்குத் தீவில் வேறு போக்கிடம் இல்லை. இடித்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எந்தக் கிளை நின்ற இடத்தில் எந்த வார்டு இருக்கிறது என்று தரையில் ஒரு கோடு போட்டுக் காட்டியிருக்கலாம். நோயாளியோடு வருகிறவர்கள் உட்கார்ந்து பொழுது போக்குகிற இடம் அது, படித்துக்கொண்டாவது இருப்பார்கள்.

மலைக்கோட்டை:

டிசம்பரில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது முறையாகப் போகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. கொலைக் கைதி விஷயத்தில் என் மனம் மாறவில்லை, மகாவீர் சிங் பெயரை முதலில் கேட்கத்தான் நான் அங்கே போவேன். தங்கச்சி, ஹம்ஃப்ரிகஞ்சுக்கு எப்படிப் போக வேண்டும்? அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, ரொம்ப நடக்க முடியாது.

தீவுக்காரி:

நடக்க வேண்டியதில்லை அண்ணே. ஊரிலிருந்து வண்டியில் போய் வரலாம், நினைவிடம் வரை வண்டி போகும். காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் சிரமம். போகிற வழியில் டிரைவரிடம் எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.